பிரேக் நம்பர் நாற்பத்திரண்டு

– செவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் சக்கரத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மாத்திக் குடுத்துராத மக்கா. மோட்டார் ஒயரு எஞ்சின் ஒடம்புல பட்டுச்சுன்னா ஒரு பொகை வரும், அதோட டிகோடருக்க சோலி முடிஞ்சு.

– தெரியும் இஸ்ரவேல் சார். அதுக்குத்தான் அடியில மஞ்ச டேப்பு ஒட்டியிருக்கேன். நீங்க இந்தக் குட்டி ரயில் எஞ்சின ஆடாமப் பிடிச்சாப் போதும்.

– ஆடாமப் பிடிக்க முடிஞ்சா, மொபைல் கடையில இருந்து உன்ன எதுக்கு விளிக்கேன்? முப்பத்திநாலு வருசம் டீசல் எஞ்சின் ஓட்டின கை இது. இப்ப டீ கிளாஸ எடுத்தா பாதி தரைக்குத்தான். கண்ணு வேற பொரை மூடிக் கெடக்கு.

– இந்த டிகோடரு நகம் அளவுதான் இருக்கு. இது அப்பிடி என்ன செய்யும் சார்?

– கேட்டியா மக்கா, இது இல்லேன்னா இந்த எஞ்சின் வெறும் கடைப் பொம்மை. கரண்ட அணைச்சா அங்ஙனேயே நிக்கும். நெசமான வண்டி அப்பிடி நிக்குமா? பிரேக்கப் போட்டாலும் பின்னால உள்ள பாரம் தள்ளும். இதுக்குள்ள ஒரு நம்பர் வச்சா அந்தப் பாரத்தக் காட்டும். நம்பர் கூடக்கூட வண்டி நிக்கத் தூரம் கூடும்.

– எந்த நம்பர் வைக்கணும்?

– நாப்பத்திரெண்டு. விசாரணைப் பேப்பர்ல உள்ள வேகம், பெட்டி எண்ணம், எல்லாம் குடுத்து ஜெர்மனியில உள்ள மருமவன் எடுத்துத் தந்தது. டிகோடரும் அவன் அனுப்பினதுதான்.

– என்ன விசாரணை?

– இஞ்ச, மேசையில போட்டிருக்க தண்டவாளத்தப் பாரு. இது இரணியல் தாண்டி வாற வளைவு. அங்க ஒரு பொம்மை தெரியுதா, தலையில கூடையோட?

– தெரியுது.

– வியாகுலம்மாள்னு பேரு. மீன்காரி. ரெண்டாயிரத்தி ஆறு, ஜூன் மாசம், நல்ல மழை. திங்கள்சந்தைக்குப் போக குறுக்க தண்டவாளத்துல ஏறிட்டா. வளைவு திரும்பினதுமே நான் அவளப் பாத்துட்டேன்.

– பாத்துட்டு?

– ஹாரன் அடிச்சேன். அவளுக தெனமும் குறுக்கப் போறவளுக, சத்தம் கேட்டா ஓடிருவாளுக. எங்களுக்கு அதுதான் பழக்கம், மொதல்ல ஹாரன், பொறவு பிரேக்கு. மூணு செக்கண்டு ஹாரன்லேயே கையை வச்சிட்டு நின்னேன். அவ திரும்பவே இல்ல.

– தலையில பாரம் இருந்தா கழுத்து திரும்பாது சார். மழைக்கு பிளாஸ்டிக் தாள் வேற போட்டிருப்பாவ. காதும் மூடிப் போவும்.

– ஆமா மக்கா. அது எனக்கு அப்ப தெரியாமப் போச்சே.

– விசாரணையில என்ன சொன்னாவ?

– முன்னாடியே பிரேக் போட்டாலும் நின்னிருக்காதுன்னு எழுதி என்னைய விட்டுட்டாவ. எனக்கு மனசு விடல. எட்டு வருசமா அந்த மூணு செக்கண்டுலதான் கெடக்கேன். ஹாரனுக்குப் போன கை பிரேக்குக்குப் போயிருந்தா, அவ வீடு போய்ச் சேர்ந்திருப்பாளா? இந்த ஒண்ணத் தெரிஞ்சிட்டுத்தான் சாவணும்.

– தெரிஞ்சு என்ன செய்யப் போறிய?

– நின்னிருக்கும்னா அவளுக்க பிள்ளைக காலுல போய் விழணும். ரெண்டு நடை அவ ஊரு குளச்சல் வரை போனேன். பஸ்ஸ விட்டு எறங்க தைரியம் வரல.

– ஒயரு எல்லாம் பிடிச்சாச்சு. நம்பரும் வச்சாச்சு.

– நாப்பத்திரெண்டுதானே? எனக்கு அந்த எழுத்து மஞ்சு மூடினது போலத்தான் தெரியுது. நீ வாசி.

– நாப்பத்திரெண்டு.

– சரி, ஓட்டுதேன். வளைவு திரும்பினதும் 'இப்ப'ன்னு சொல்லு. ஹாரன் கெடையாது. நேரா பிரேக்கு.

– வருது... வருது... இப்ப!

– போட்டுட்டேன். வண்டி நின்னுட்டா? பொம்மை விழுந்துச்சா? தள்ளு, நான் தொட்டுப் பாக்கேன். கர்த்தாவே... நாலு விரலு எடம் கெடக்கே. பொம்மை நிக்குதே. கூடை கூட சாயல.

– சார், அந்தச் சேர்ல இரிங்க.

– நான் கொன்னுட்டேன் மக்கா. அவ நடந்து போயிருப்பா. மீன வித்துட்டு வீட்டுக்குப் போயிருப்பா. நான்தான் ஹாரனப் பிடிச்சிட்டு நின்னு கொன்னுட்டேன்.

– சார், மூச்ச விடுங்க. சார்! நான் நம்பரத் தப்பா வச்சிட்டேன்.

– என்னது?

– கை மாறி இருபத்திநாலுன்னு அமுத்திட்டேன். இப்பத்தான் பாக்கேன். இரிங்க, மாத்துதேன்.

– நெசமாவா? எனக்காகச் சொல்லாத பிள்ளே.

– மாதாவாண சொல்லுதேன். இந்தா, மாத்தியாச்சு, எந்திரிச்சு இன்னொரு மட்டம் ஓட்டுங்க. வளைவு வருது... இப்ப!

– சத்தம் நிக்கலியே.

– நிக்கல சார். பொம்மையத் தள்ளிட்டு அங்கிட்டுப் போயிட்டு. கையை வச்சுப் பாருங்க.

– ஆமா... விழுந்து கெடக்கு. அப்ப நான் எப்பப் பிடிச்சிருந்தாலும்...

– நின்னிருக்காது. பேப்பர்ல எழுதினதுதான் சரி.

– ஸ்தோத்திரம் ஆண்டவரே. எட்டு வருசம் மக்கா... சிரிக்காத, எனக்கு அழுகையா வருது. இரு, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ.

– வேண்டாம் சார். இந்தப் பொம்மைய நான் எடுத்துக்கிடட்டா?

– கொண்டு போ. இனி எனக்கு எதுக்கு?

– ஹலோ... எக்கா? லிஜோ பேசுதேன். எங்க நிக்க?

– நெய்யூர் பஸ் ஸ்டாப்புல. இஸ்ரவேல் சார் வீட்டுல இருந்து இப்பத்தான் எறங்கினேன்.

– அம்மைய அடிச்ச வண்டி டிரைவருக்க வீட்டுக்காப் போன? அந்தாளு பேரக் கேட்டதும் நீயே வலியப் போனியாம், மொபைல் கடையில சொன்னாவ. நறுக்குன்னு நாலு கேட்டியா?

– கேக்கத்தான்லே போனேன். முடியல.

– ஏன்?

– அவருக்குக் கை ஆடுது லிஜோ. நம்ம அம்மைய ஒரு பொம்மையா நிறுத்தி வச்சிட்டு, அதுக்க முன்னால இருந்து அழுதாரு. எப்பப் பிரேக் போட்டாலும் நின்னிருக்காதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

– அது உனக்கு எப்பிடித் தெரியும்?

– சின்ன வண்டிய வச்சு ஓட்டிப் பாத்தோம். ரெண்டாவது மட்டம் நான் நம்பரக் கூட்டி வச்சேன், அதான் நிக்கல.

– அப்ப மொத மட்டம்?

– அதுதான்லே சரியான நம்பர். வண்டி நின்னுச்சு... அம்மைக்கு நாலு விரலு முன்னால நின்னுச்சு.