மேகக்குட்டியின் மூச்சு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நேரம் மூன்று மணி... பகல் மூன்று. இருட்டினால்தான் பேய் வரும் என்று யார் சொன்னது? விடாத மழை. எதிரே ஒரு சைக்கிள்கூட வராத சாலை. அதில் என் நண்பனின் அண்ணி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனார்.

அண்ணிக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. சின்னப் பிள்ளைகள் டிவியில் பார்ப்பார்களே, மேகக்குட்டி... பஞ்சு உடம்பு, பொத்தான் கண். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது. "கை கழுவியாச்சா செல்லம்?" என்று கேட்கும், அவ்வளவுதான். அதற்குக் குரல் கொடுத்த அம்மாவுக்கு நெஞ்சில் சளி, தீராத இழுப்பு. கூடத்துக்குள் அவர் நுழையும் முன்பே தைல வாசம் நுழைந்துவிடும். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் 'ஹ்ர்ர்...' என்று ஒரு மூச்சு. பதிவில் அந்த மூச்சையெல்லாம் தேடித் தேடி வெட்டியெடுப்பது அண்ணிதான்.

கடைசியாக அந்த அம்மா பேசியது பொம்மைக்கு. வயிற்றை அமுக்கினால் நாலு வசனம் சொல்லும் மேகக்குட்டி. மூன்று முடிந்ததும், "கொஞ்சம் உக்காந்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டாராம். பொம்மைக் கம்பெனி ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள். "இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. முடிச்சிட்டு உக்காந்துக்கலாம்," என்றார் அண்ணி. பாவம், நின்றபடியே முடித்துக் கொடுத்தார். வீடு போய்ச் சேரவில்லை... வழியிலேயே உயிர் போய்விட்டது.

பொம்மை கடைக்கு வந்த மாதமே ஒரு வீட்டிலிருந்து புகார். பேசுவதற்கு முன்னால் மூச்சு வாங்குகிறதாம். மூச்சையெல்லாம் ஒன்றுவிடாமல் வெட்டியெடுத்தது அண்ணிதானே. யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தது அதற்குத்தான்.

அந்த வீட்டில் நாலு வயதுப் பெண் பிள்ளை. பொம்மையின் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தது. அண்ணி கையை நீட்டியதும் தடுத்தது.

"அமுக்காதீங்க ஆன்ட்டி. அதுக்கு முடியல. உக்காரணும்னு சொல்லுச்சு."

அண்ணி பொம்மையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளையின் தாயிடம் கத்தரிக்கோல் வாங்கித் தையலைப் பிரித்தார். பேசும் டப்பாவைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். புதுப் பொம்மை அனுப்புவதாகப் பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டு, வெறும் பஞ்சாகிப்போன மேகக்குட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதே சாலை. அதே மழை. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. பொம்மை பக்கத்து இருக்கையில்.

முதலில் தைல வாசம்.

அப்புறம்... 'ஹ்ர்ர்...'

பொம்மை பக்கத்துக் கண்ணாடியில் வாய் அளவுக்கு ஒரு வட்டம் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

அண்ணி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தப்பு என்னோடதும்மா. உக்காந்துக்குங்க... இனிமே உங்கள யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

சத்தம் நின்றது. கண்ணாடி தெளிந்தது. அண்ணி அழுதுகொண்டே வேகத்தைக் கூட்டினார்.

கொஞ்ச தூரம்தான். அவர் காதோரத்துக் கண்ணாடியில், அதே அளவு வட்டம்.

உள்ளங்கையால் துடைத்தார். போகவில்லை. முந்தானையால் அழுத்தித் துடைத்தார். போகவில்லை.

வண்டி அறுபதில் ஓடுகிறது. மழை அடித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த ஆவி... கண்ணாடிக்கு வெளிப்பக்கம்.