பத்துப் பந்து

சீனி: இரு, இரு. 'அன்னார்' எல்லாம் எதுக்கு? மிஸ் படிச்சா சிரிப்பாக.

சோலை: பணி நிறைவு மலர்னா அப்படித்தாண்டி எழுதணும். அஞ்சு மணிக்குள்ள அச்சாபீஸ்ல கொண்டுபோய்க் குடுக்கணும். குத்தம் சொல்லாம கேளு.

சீனி: கொட்டாம்பட்டியில இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்துருக்கேன். மெதுவா வாசி.

சோலை: பி.டி. டீச்சரு, நாள் பூரா நிக்கிற வேலை. பஸ்ஸுல நின்னா மட்டும் கால் வலிக்குதாக்கும்.

சீனி: நீ காலேஜ் ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து... சரி, நான் ஒண்ணும் சொல்லல. வாசி.

சோலை: கடலை எடுத்துக்க. இந்தா, ஆரம்பத்துல இருந்து... "செல்வி ஜகதாம்பாள் அவர்கள்..."

சீனி: அம்பத்தெட்டு வயசுல செல்வியா?

சோலை: கல்யாணம் பண்ணிக்கலைன்னா செல்விதான். மிஸ் பாத்தாங்க, அதை அடிக்கல.

சீனி: மிஸ் பாத்துட்டாகளா இதை?

சோலை: பாத்தாங்க... கேளு. "செல்வி ஜகதாம்பாள் இக்கல்லூரியில் உடற்பயிற்சி இயக்குநராகச் சேர்ந்தபோது மாணவியருக்கு இருந்த ஒரே விளையாட்டு, வரிசையில் நின்று கைகளைத் தூக்கி இறக்குவதுதான். எழுபத்திரண்டில் சென்னையில் நடந்த பத்து நாள் முகாமுக்குப் போனவர், ஒரு பந்தும் ஒரு விதிப்புத்தகமும் கொண்டு திரும்பினார். சாஃப்ட்பால் என்ற பெயரை அன்று மதுரையில் பத்துப் பேர் கேள்விப்பட்டிருந்தால் அதிகம். மட்டை கிடையாது. செல்லூரில் தறிக்கான மரச்சாமான்களைக் கடையும் ஆசாரி ஒருவர், புத்தகத்திலிருந்த படத்தைப் பார்த்து ஒன்று கடைந்து கொடுத்தார்..."

சீனி: அது மட்டையா? உலக்கை. ரெண்டு பந்து அடிச்சா தோள்பட்டை கழண்டுரும்.

சோலை: எங்க தெரு ஆசாரி. அவருக்கு முன்னாடி சொல்லிறாத... "கையுறை கிடையாது. கல்லூரி வாசலில் செருப்புத் தைப்பவர், பழைய தோலை வைத்துத் தைத்துக் கொடுத்தார். மரத்தூள் அடைத்த சாக்குகள்தான் நான்கு முனைகளிலும் கிடந்தன. காலை ஆறு மணிக்கு, புடவையைத் தூக்கிச் செருகி, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு அவர் மைதானத்தில் நிற்பார். ஒன்பது பெண்களைச் சேர்க்க அவருக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று."

சீனி: நல்லா இருக்கு. நெசமாவே நல்லா எழுதியிருக்க.

சோலை: அடுத்தது நம்ம கதை. "எழுபத்தாறில் ஒரு நாள் விடுதியின் இரண்டாம் மாடியில் நின்ற ஒரு மாணவியிடம், கீழே நின்ற இன்னொரு மாணவி சாவிக்கொத்தை வீசி எறிந்தாள். கையைத் தாழ்த்தி, இடுப்பளவிலிருந்து எறிந்த எறி. அது கைப்பிடிச் சுவரைத் தாண்டி நேராக மேலே நின்றவளின் உள்ளங்கையில் போய் விழுந்தது. அந்த வழியாக வந்த ஜகதாம்பாள் நின்றுவிட்டார்..."

சீனி: ஹாஸ்டல்ல சாவி எறிஞ்சதுக்கு அபராதம் போடப் போறாகன்னு நெனச்சேன்.

சோலை: நான் ரூமுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டேன்.

சீனி: அவுக கேட்டது அதில்ல. 'எறிஞ்சவ நீயா? பிடிச்சவளைக் கீழ வரச் சொல்லு. இன்னொரு தடவை எறி பாப்போம்'னாக. ஏழு தடவை எறிய விட்டாக. ஏழையும் நீ பிடிச்ச.

சோலை: மறுநாள் காலையில பந்து எறியுற பிட்சர் நீ, அடிக்கிறவளுக்குப் பின்னாடி உக்காந்து பிடிக்கிற கேட்சர் நான். பாக்கெட்டுல பஸ்ஸுக்குக் கூடக் காசில்லாத ரெண்டு பேரும் டீம்ல.

சீனி: ஒடனே எங்க... எங்க அப்பா விட்டாத்தானே? அதையும் எழுது.

சோலை: அதை எழுத வேணாம்னு மிஸ் சொல்லிட்டாங்க. எனக்கே முழுசாத் தெரியாது. உங்க அப்பாவைப் பாக்கச் சோழவந்தானுக்குப் போனாங்கன்னு மட்டும் தெரியும்.

சீனி: போனாக. அப்பா கொடிக்கால்ல வெத்தலை கிள்ளிக்கிட்டு இருந்தாரு. வீட்டுல உக்காந்து பேசுவோம்னு கூடச் சொல்லல அவரு. மிஸ் வரப்புலயே நின்னு பேசினாக, ஒரு மணி நேரம் இருக்கும். ஷூவெல்லாம் சேறு. வெளையாடுற பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் பீஸுல பாதி கெடையாது, படிச்சு முடிச்சா பி.டி. டீச்சர் வேலைக்கு வழியிருக்கு, பத்து நாளைக்கு ஒருக்கா நானே கடுதாசி போடுறேன்... இப்படி ஒண்ணு ஒண்ணாச் சொன்னாக. கடைசியில அப்பா ஒரே ஒண்ணு கேட்டாரு. 'எம்மக பேரு நாலு பேரு வாயில விழுகக் கூடாது'ன்னாரு. மிஸ், 'அதுக்கு நான் பொறுப்பு'ன்னாக.

சோலை: கடுதாசி போட்டாங்களா?

சீனி: மூணு வருஷமும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஜெயக்கொடிதான் வாசிச்சுச் சொல்லுவா. என் தங்கச்சி.

சோலை: இப்ப நர்ஸா இருக்காளே, அவளா?

சீனி: அவதான்... மேல வாசி.

சோலை: "அவரது பயிற்சி முறை எளிமையானது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் டயரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பந்து எறிபவள் தினம் முந்நூறு முறை அந்த டயருக்குள் எறிய வேண்டும். தவறியதை அவர் எண்ணமாட்டார். உள்ளே போனதை மட்டும் சத்தமாக எண்ணுவார்."

சீனி: ஆமா. திட்டவே மாட்டாக. எண்ணாம நின்னாகன்னா அதுதான் திட்டு.

சோலை: "எழுபத்து நான்கு முதல் இந்த ஆண்டு வரை, பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையே நடந்த பதினைந்து போட்டிகளில் பதினான்கு முறை கோப்பை இக்கல்லூரிக்கே வந்தது. அவரிடம் பயின்றவர்களில் இருபத்தாறு பேர் இன்று உடற்பயிற்சி ஆசிரியைகள். எண்பத்து நான்கில் மாநில அணிக்கு அவரே பயிற்சியாளர்."

சீனி: பதினாலு.

சோலை: பதினாலுதான்.

சீனி: மிச்சம் அந்த ஒண்ணு என்ன ஆச்சுன்னு ஒரு வரி இருக்குமே.

சோலை: இருக்கு.

சீனி: வாசி.

சோலை: அதுக்கு முன்னாடி ஒரு காப்பி குடிச்சுட்டு...

சீனி: வாசிடி.

சோலை: "எழுபத்தொன்பதில் மட்டும் கோப்பையை இழந்தோம். கடைசி இன்னிங்ஸில் ஒரு ஓட்டம் முன்னிலையில் இருந்தபோது, நன்றாக எறிந்துகொண்டிருந்த அணித்தலைவி சீனியம்மாளை வெளியே அழைத்து, அனுபவமில்லாத மாணவியை எறிய விட்டது பயிற்சியாளரின் தவறு."

சீனி: இன்னொரு தடவை வாசி.

சோலை: கடலை கீழ சிந்துது பாரு.

சீனி: 'நன்றாக எறிந்துகொண்டிருந்த'... நீ எழுதினியா இதை?

சோலை: நான் அந்த வருஷத்தையே விட்டுட்டேன். திருப்பி வாங்குறப்பப் பாத்தா ஓரத்துல இது எழுதியிருக்கு. மிஸ் கையெழுத்து. பாரு.

சீனி: அவுக கையெழுத்துதான்.

சோலை: ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

சீனி: மாத்தணும் சோலை.

சோலை: ஏன்? ஊரே அப்படித்தானே சொல்லுது. இப்பவும் பழைய பிள்ளைங்க வந்தா, மிஸ் எல்லாத்தையும் சரியாப் பண்ணினாங்க, அந்த ஒரு நாள்தான் புத்தி பெசகிட்டாங்கன்னு பேசுறாங்க.

சீனி: பெசகினது அவுக இல்ல.

சோலை: ம்.

சீனி: அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?

சோலை: நீ சொல்லு.

சீனி: ஆறு ஓட்டத்துக்கு அஞ்சுன்னு நாம முன்னாடி. எதிர் டீம் பேட்டிங். எல்லைக்கு வெளியே நாலு பந்து எறிஞ்சா, அடிக்கிறவ சும்மாவே மொத முனைக்குப் போயிருவா. மொதப் பொண்ணுக்கு நாலும் வெளியே எறிஞ்சேன். ரெண்டாவதுக்கும் நாலு. மூணாவதுக்கு ரெண்டு எறிஞ்சப்ப மிஸ் உள்ள வந்தாக. 'பந்தைக் குடு, போயித் தண்ணி குடி'ன்னாக. அம்புட்டுத்தான். என் மூஞ்சியைக் கூடப் பாக்கல. பாலாம்பாளைக் கூப்பிட்டாக.

சோலை: பாவம் பாலா. செகண்ட் இயர். அவ பந்துல ரெண்டே அடி, ரெண்டு ஓட்டம். முடிஞ்சு போச்சு.

சீனி: சோலை... அந்தப் பத்துப் பந்தும் கை தவறி எறிஞ்சதில்ல.

சோலை: ம்.

சீனி: வேணும்னு எறிஞ்சேன்.

சோலை: ...சொல்லு.

சீனி: அதுக்கு முந்தின வருஷம் ஜெயிச்சோம்ல. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. பேண்ட்டுப் போட்டுக்கிட்டு கோப்பையை நான்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கீழ பேரு, ஊரு எல்லாம். சோழவந்தான் டீக்கடையில அதை வெச்சுக்கிட்டு நாலு பேரு என்னென்னமோ பேசியிருக்காங்க. அப்பா கேட்டுக்கிட்டே நின்னுருக்காரு. வீட்டுக்கு வந்து சத்தம் கூடப் போடல. அம்மாகிட்டத்தான் சொன்னாரு. பெரியவ படிப்பு இந்த வருஷத்தோட முடியுது, போகட்டும். இன்னொரு தடவை பேரு பேப்பர்ல வந்துச்சுன்னா சின்னவளைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிப்பாட்டிருவேன்னு. ஜெயக்கொடி அப்பப் பத்தாவது. வகுப்புல மொதப் பிள்ளை.

சோலை: போட்டோவுக்கு நிக்காம இருந்துருக்கலாம்ல?

சீனி: அதைத்தான் நானும் ஆறு இன்னிங்ஸ் வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். போட்டோ எடுக்குறப்ப ஓடிப் போயிருவோம்னு. கடைசியில பாத்தா பேப்பர்க்காரரு பவுண்டரி ஓரமா நின்னு பேரெல்லாம் எழுதிக்கிட்டு இருக்காரு. கேப்டன் பேரு இல்லாம எப்படிப் போடுவாங்க? ஜெயக்கொடி மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு... கை அதுபாட்டுக்கு வெளியே போச்சு.

சோலை: மிஸ்கிட்டச் சொல்லியிருக்கலாம்.

சீனி: சொன்னா மறுபடி வரப்புல வந்து நிப்பாக. அப்பாகிட்டக் குடுத்த வாக்கு போச்சேன்னு நெனப்பாக. எனக்கு வாய் வரல. தோத்துட்டு அழுதேன் பாரு, எல்லாரும் தோத்ததுக்கு அழுவுறேன்னு நெனச்சாங்க. நீ கூட ஒரு வருஷம் என்கூடப் பேசல. தோத்த கோவம்.

சோலை: கோவந்தான்.

சீனி: அதுக்கப்புறம் மிஸ்ஸுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

சோலை: நான் ஆபீஸ்ல சேந்தப்புறம் ஃபைல்ல பாத்தேன். பிரின்சிபால் விளக்கம் கேட்டுருக்காங்க. அதுக்கு மிஸ் எழுதின பதில், 'தவறு என்னுடையது. வேறு காரணம் இல்லை.' ஒரே வரி. அந்த வருஷம் ஸ்டேட் டீமுக்கு மிஸ்ஸைத்தான் கோச்சாப் போடுறதா இருந்துச்சு. வேற ஆளைப் போட்டாங்க. திருப்பிக் கூப்பிட அஞ்சு வருஷம் ஆச்சு.

சீனி: அந்த மாசமே எனக்கு ட்ரெயினிங் காலேஜுக்கு சிபாரிசுக் கடுதாசி எழுதிக் குடுத்தாகடி. 'நம்பகமான பந்து எறிபவர்'னு எழுதியிருந்துச்சு. அதை வெச்சுத்தான் சீட்டு. அதை வெச்சுத்தான் இந்த வேலை. ஒவ்வொரு தடவையும் அவுகளைப் பாக்க இங்க வாரேன், இன்னிக்குச் சொல்லிருவோம்னு நெனப்பேன். காப்பியக் குடிச்சுட்டுத் திரும்பிப் போறேன். ஒம்பது வருஷம்.

சோலை: தெரியும்.

சீனி: என்ன தெரியும்?

சோலை: நீ வந்து வந்து சும்மா போறது.

சீனி: பேனாவைக் குடு. அந்த வரியை நான் அடிக்கிறேன். கடைசி இன்னிங்ஸில் சீனியம்மாள் வேண்டுமென்றே தவறாக எறிந்தாள்னு எழுது. என் பேரு பேப்பர்ல வந்தா இப்ப ஒண்ணும் ஆகாது. அப்பாவும் இல்ல, ஜெயக்கொடியும் வேலையில இருக்கா. மிஸ் ஒண்ணும் தெரியாமலே ரிட்டயர் ஆயிப் போகக் கூடாது.

சோலை: பேனா தர மாட்டேன்.

சீனி: ஏண்டி?

சோலை: உன்மேல இருந்த கோவம் தோத்ததுக்கு இல்ல சீனி. என்கிட்டக் கூடச் சொல்லலையேன்னு. கை தவறிப் போற பந்து மேலயும் போகும், கீழயும் போகும். உன் பந்து பத்தும் என் வலது முட்டிக்கு வெளியே ஒரு சாண். பத்தும் அதே சாண். மிஸ் உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி என்கிட்டத்தான் வந்தாங்க. 'அவ கைக்கு என்ன ஆச்சு?'ன்னு கேட்டாங்க. 'கைக்கு ஒண்ணும் இல்ல மிஸ், அவ நெனைக்கிற எடத்துக்குத்தான் பந்து வருது'ன்னேன். உன்னையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம், 'இன்னும் ரெண்டு பந்து எறிஞ்சா கிரவுண்டுல இருக்குற அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சு போகும், நான் அவளை வெளியே கூப்பிட்டுக்கறேன்'னாங்க.