இரண்டாம் கையெழுத்துக்குக் காத்திருந்த தோமினிக்

தலைவர் அவர்களே, தோமினிக் அவர்களின் தமக்கை ஜெபமலர் அம்மா அவர்களே, மில்லின் மூன்று கிளைகளிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்!

இந்த இரங்கல் கூட்டத்துக்கு இத்தனை பேரா? அவர் இருந்தபோது கான்டீனில் அவர் மேசையில் ஒருவர்கூட உட்காரவில்லையே! அட்டை இயந்திரப் பிரிவில் அடுத்த நாற்காலிக்காரன், இந்த மருதாசலமும் உட்காரவில்லை.

துளையிட்ட அட்டைகளைப் படித்து, எந்த நீராவிக் குழாயை எந்த வாரம் பழுது பார்க்க வேண்டும் என்று பட்டியல் அச்சடிப்பது எங்கள் இயந்திரம். அது என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை, அதன் பலகையில் நாங்கள் செருகும் கம்பிகள். 1963-இல் ஒரு சனிக்கிழமை, அவசரத்தில் இரண்டு கம்பிகள் இடம் மாறின. யாரும் எழுதிவைக்கவில்லை. சாயப் பிரிவின் குழாய்கள் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போயின. மூன்றாம் வாரம் ஒரு குழாய் வெடித்து, ஃபிட்டர் சென்றாயனின் வலது கை வெந்துபோனது.

மாற்றியவன் நான். சென்றாயன், இதை உங்களிடம் இன்றுதான் சொல்கிறேன். தோமினிக் அறிந்திருந்தார். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

என்னைத் திட்டினாரா? இல்லை! உட்கார்ந்து விதிமுறை எழுதினார். கம்பியை மாற்றுமுன் காரணம் எழுத வேண்டும். பழைய அட்டைகளை ஓட்டி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வரும் இரு பட்டியல்களையும் ஒப்பிட வேண்டும். இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பதினொரு பக்கம்! நிர்வாகம் ஏற்றது. நாங்கள் கொதித்தோம்.

"எங்களை நம்பாமத்தானுங்க இதை எழுதியிருக்கறீங்க?" என்று கேட்டேன்.

"என்னையே நம்பாமத்தான் எழுதினேன், மருதாசலம். என் தப்பு என் கண்ணுக்குத் தெரியாதுங்க. நீங்க பார்த்துச் சொல்லணும்."

நான் பார்க்கவில்லை. எவரும் பார்க்கவில்லை. மேலதிகாரி படிக்காமல் போடும் கையெழுத்தையும் அவர் வாங்க மறுத்தார். தான் ஒப்பிட்ட பட்டியலை மேசையில் விரித்துவைத்து, சங்கு ஊதும்வரை காத்திருப்பார். எட்டு மாதம்! என்ன தனிமை அது!

வந்தவர் யார்? வாயில்காவலுக்கு மாற்றப்பட்டிருந்த சென்றாயன்!

"படிப்பு கம்மிங்க. ஆனா எந்தக் குழாய் எங்க ஓடுதுன்னு தெரியுமுங்க. பட்டியலைக் காட்டுங்க."

தோமினிக் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அன்று முதல் நான்கு ஆண்டுகள், சென்றாயன் இடது கையால் கையெழுத்திட்டார். ஒரு குழாய்கூட விடுபடவில்லை.

போன புதன்கிழமை அஸ்தம்பட்டி வீட்டில் தோமினிக்குக்கு மாரடைப்பு. துக்கத்துக்குப் போன என்னிடம் ஜெபமலர் அம்மா சொன்னார்கள்: "மருதாசலம் ஒரு நாள் வந்து பட்டியலைப் பார்ப்பாருன்னு தம்பி சொல்லிக்கிட்டே இருந்தானுங்க."

தோழர்களே! அந்தப் பதினொரு பக்கமும் இனி என் பொறுப்பு. சென்றாயன், நீங்கள் என்னை மன்னிக்காவிட்டாலும் சரி. திங்கட்கிழமை நான் போடும் கம்பிகளை வந்து பாருங்கள். தப்பென்றால் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.