சார்ஜில் நின்ற வண்டி

மத்தியானம் பன்னிரண்டே முக்கால். ராத்திரி இல்லை, மத்தியானம்தான். சீவலப்பேரியிலிருந்து வாய்க்கால் கரையோடு வருகிற ஒற்றை ரோடு. பங்குனி வெயில். ராத்திரி என்றால் ஒரு நாயாவது குரைக்கும். அந்த நேரத்தில் அங்கே காக்காகூடக் கரையாது... ரோடு மட்டும் தனியாகக் கிடக்கும்.

நம்மோடு படித்த தனலட்சுமி இருக்கிறாளே, அவள் அத்தை புருஷனுக்கு நடந்தது இது. பேர் பாபநாசம். வயசில் மூத்தவனை ‘அவன்’ என்கிறேன் என்று யாரும் மூஞ்சியைச் சுளிக்க வேண்டாம். முழுக்கக் கேட்டுவிட்டு, பிறகு மரியாதை கொடுப்பதா என்று சொல்லுங்கள்.

பாபநாசம் கரண்டில் ஓடுகிற லோடு வண்டி வாங்கியிருந்தான். அவன் பெண்டாட்டி முத்துராணி. முத்துராணிக்கு அண்ணன் இசக்கிதுரை, தனலட்சுமியின் அப்பா. அவரிடம் சைலன்சர் கிழிந்த பழைய பெட்ரோல் வண்டி. மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே பிழைப்பு, வாழைத்தார் ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவது. கமிஷன் கடை தாஜ் முகம்மது அன்றைக்குச் சொல்லிவிட்டார்: “பெட்ரோலா கரண்டாங்கிறது ஒங்க பாடு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தோப்புலேருந்து எடுங்க. முந்தி வாறவனுக்குத்தான் இந்த சீசன் லோடு பூரா.”

தோப்பில் தார் ஏற்றும்போதே வாய்ச்சண்டை.

“இதெல்லாம் ஒரு வண்டியா மாப்பிள? மிக்ஸியில சட்னி அரைச்சாக்கூட இதவிடச் சத்தம் வரும்லா” என்றார் இசக்கிதுரை.

“உம்ம வண்டி இருமுற இருமலுக்கு அத ஆஸ்பத்திரியில சேக்கணும் வே. பெட்ரோலக் குடிக்கி, பொகையக் கக்குது. ஏத்தத்துல என் வண்டி இழுக்குத இழுவைக்கு முன்னாடி நிக்குமா அது?”

“இழுக்கும்லே, நான் இல்லன்னா சொல்லுதேன்? ஆனா வாறது தெரியாதுல்லா. வாய்க்கா ரோட்டுல உளுந்து பரத்தியிருக்காளுவ. ஆரன அடிச்சிக்கிட்டு பைய போ.”

உளுந்து விளைகிற ஊரில் இதை விளக்க வேண்டாம், டவுன்காரிகளுக்காகச் சொல்கிறேன். பறித்த உளுந்துச் செடியை ரோட்டில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளின் டயரே கதிரடித்துக் கொடுத்துவிடும். கூலிக்காரப் பெண்கள் கவைக் கம்போடு ஓரத்தில் நிற்பார்கள். வண்டிச் சத்தம் கேட்டால் விலகுவது, போனதும் புரட்டிப் போடுவது. எந்தச் சத்தம் டிராக்டர், எந்தச் சத்தம் டவுன் பஸ் என்று பார்க்காமலே சொல்வார்கள். பாபநாசத்துக்கு இதில் ஒரு விளையாட்டு இருந்தது. சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று திடீரென்று ஹார்ன் அடிப்பான். அவர்கள் பதறி விழுந்து ஏசினால் சிரிப்பான். ஆம்பிளைக்கு அது விளையாட்டு.

அன்றைக்குக் காவலுக்கு இருந்தது ஆறுமுகத்தாய் ஒருத்திதான். விடியற்காலையிலிருந்து உளுந்து பறித்த உடம்பு. மற்றவர்கள் கஞ்சிக்குப் போயிருந்தார்கள். ஒற்றை மருதமரத்தின் நிழல் நடுரோட்டில் விழுந்திருந்தது. பரப்பிய செடிமேலேயே படுத்து, வெயில் படாமல் முகத்தின்மேல் நாலு செடியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். பயம் எதற்கு? இருபது வருஷமாக அப்படித்தான் படுக்கிறாள். கால் மைலுக்கு அப்பால் வண்டி உறுமினாலும் எழுந்துவிடுவாள்.

எந்த வண்டியும் உறுமவில்லை.

பாபநாசம் முந்திக்கொண்டு வந்தான். ஹார்ன் அடிக்கவில்லை. டயருக்கு அடியில் உளுந்து நெற்று சடசடவென்று வெடித்தது, சட்டியில் பொரி பொரிகிற மாதிரி. ஓர் இடத்தில் மட்டும் வெடிக்கவில்லை. இடது பக்கம் ஏறி... இறங்கியது. பின்டயரும் ஏறி... இறங்கியது.

நிறுத்தி இறங்கிப் பார்த்தான். இரண்டு காலும் தொடைக்குக் கீழே கூழாகியிருந்தன. பச்சைச் செடி வாசனையோடு ரத்த வாடை. கை மட்டும் செடியை விலக்கி விலக்கி முகத்தை வெளியே கொண்டுவந்தது.

“தண்ணி...” என்றாள். பிறகு அவனை உற்றுப் பார்த்தாள். “ஏலே பாபநாசம்... நீயாலே?”

தன் பேரை அவள் சொல்லியிருக்கக் கூடாது என்று அவன் நினைத்தான். அவன் செய்ததற்கு அவள் வாய்மேல் பழி, பாருங்கள்.

ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு குஞ்சு இல்லை. வண்டியில் ஏறிக் குமிழைத் திருப்பி ரிவர்ஸ் போட்டான். அந்த வண்டிக்கு இருக்கிற ஒரே சத்தம் அதுதான். பீப்... பீப்... பீப்... பீப்... ஐந்தாவதில் டயர் ஏறியது. இந்தத் தடவை காலில் இல்லை. மட்டை முறிகிற மாதிரிச் சத்தம் வரும் என்று நினைத்திருந்தான். ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரிதான் வந்தது. முன்னால் போட்டு இன்னொரு தடவை ஏற்றினான். பிறகு இறங்கி, செடியை அள்ளி மூடி, கேனில் இருந்த தண்ணீரை டயரில் ஊற்றிவிட்டுப் போனான். அவள் கேட்ட தண்ணீர்தான் அது.

மார்க்கெட்டுக்கு அவன்தான் முதலில் போனான். சீசன் லோடு அவனுக்கே.

பத்து நிமிஷம் கழித்து இசக்கிதுரை வந்தார், பெட்ரோல் வண்டி ஊரைக் கூட்டிக்கொண்டு. மூடிக் கிடந்ததன்மேல் ஏறியதும் பிரேக் போட்டு இறங்கி, பதறிச் செடியை விலக்கினார். சத்தம் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் கண்டது, டயரெல்லாம் ரத்தம், மடியில் பிணத்தோடு உட்கார்ந்திருக்கிற டிரைவர். கவைக் கம்பாலேயே அடித்தார்கள். முன்பல் நாலு போனது. வலது கையைக் கல்லில் வைத்து நசுக்கினார்கள். டேங்கைத் திறந்து தீக்குச்சியைப் போட்டதில் வண்டி வாழைத்தாரோடு எரிந்தது.

வாயில் ரத்தம் ஒழுக அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். “என் வண்டிச் சத்தத்துக்கு எந்திரிக்காதவ உண்டுமாய்யா? யோசிச்சுப் பாருங்க... எந்திரிக்காம இருப்பாளா?”

யோசிக்க யாருக்கு நேரம்? போலீஸ் வந்தது, கேஸ் எழுதியது, ஜெயிலில் போட்டது. ஆறுமுகத்தாய் பேப்பரில் ‘கூலித் தொழிலாளி’ என்று இரண்டு வரி வந்தாள்.

முத்துராணி அழுது அழுது முகம் வீங்கிப்போய்ப் புருஷனிடம் கேட்டாள்: “நீங்கதான முன்ன போனிய? அப்போ அவ அங்கன படுத்துக் கெடக்கலையா?”

“நான் பாக்கலட்டி.”

“உளுந்துமேல ஏறித்தான வந்திய?”

“பாக்கலன்னு சொல்லுதம்லா. சோத்தப் போடு.”

அவன் வாயைத் திறந்தால் அவள் அண்ணன் வெளியே வருவார். திறக்கவில்லை. தின்றான், தூங்கினான், லோடு அடித்தான்.

பதினோராம் நாள் பன்னிரண்டே முக்காலுக்கு ஆரம்பித்தது. வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்கிறது, ரிவர்ஸ் சத்தம் கேட்கிறது. பீப்... பீப்... ஐந்து வரை. ஐந்தாவதில் வழவழ தார் ரோட்டில் வண்டி ஏறி... இறங்கியது. கண்ணாடியில் பார்த்தான். ரோடு சுத்தமாக இருந்தது. கேபினுக்குள் பச்சை உளுந்துச் செடி வாசனை மூக்கை அடைத்தது.

மறுநாளும். அதற்கு மறுநாளும். இஸ்ரவேல் என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனான்.

“பின்னால போனாத்தான் அண்ணாச்சி இது கத்தும். நேரா போகையில கத்துதுன்னா, வெயில்ல ஒங்களுக்குத்தான் ஒயர் கழண்டுருக்கு” என்று சிரித்தான் இஸ்ரவேல். ஆனாலும் ஒயரை நறுக்கி, கத்துகிற சின்னக் கறுப்பு டப்பாவைக் கழற்றிக் கையில் கொடுத்தான். பாபநாசம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு அது சட்டைப் பைக்குள் கத்தியது. நெஞ்சுக்கு நேரே. பீப்...

வாய்க்காலில் எறிந்தான். தண்ணீருக்குள் போன பிறகும் எண்ணிக்கை நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்து வண்டியைச் சார்ஜில் போட்டுவிடுவான். ஒயர் செருகியிருந்தால் அந்த வண்டி ஓர் அங்குலம் நகராது. கம்பெனிக்காரனே அப்படித்தான் செய்து வைத்திருக்கிறான். தகரக் கூரை வீட்டுக்குள் கொதிக்கும், சார்ஜ் ஏறும்போது ஃபேன் சோம்பிச் சுற்றும். அதனால் வண்டியின் முன்னாலேயே பாயை விரித்து, அதன் நிழலில் படுத்துக்கொள்வான். கண் முன்னால், சாவி மடியில், ஒயர் செருகி... அதைவிடப் பத்திரமான இடம் ஏது? இரண்டு நாள் நன்றாகத் தூங்கினான்.

மூன்றாம் நாள் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. முத்துராணி அதைச் சத்தியம் செய்து சொல்கிறாள். அடுப்படியில் நின்றவளுக்குக் கேட்டது அவன் அலறல்தான். ஓடி வந்தாள். வண்டி அவன் கால்மேல் ஏறிப் பத்தடி தள்ளி நின்றது. இரண்டு காலும் தொடைக்குக் கீழே கூழ். பாய் நனைந்து ரத்தம் வாசற்படி வரை வந்துவிட்டது.

“தண்ணி...” என்றான்.

அவள் சொம்போடு வந்து குனிந்தபோது சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான், பீப் எத்தனை என்பது வரை. “ஒங்க அண்ணன் இல்ல... நாந்தான். நாந்தான் ஏத்துனேன்.”

முத்துராணி கேட்டாள்: “போலீசுல சொல்லுதியளா?”

அந்த நிலைமையிலும் அவன் யோசித்தான். அதுதான் எனக்கு ஆத்திரம். கால் இரண்டும் போய்க் கிடக்கிறவன், கணக்குப் போட்டான்.

“வேண்டாம்ட்டி. ஒன்கிட்ட சொல்லிட்டம்லா... மனசு ஆறிட்டு. வெளிய மூச்சு விட்ராத. என்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.”

பீப்.

டப்பாதான் வாய்க்காலுக்குள் கிடக்கிறதே.

பீப்... பீப்...

பாபநாசம் அவள் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். முத்துராணி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இரண்டு எட்டு பின்னால் போய் நின்றாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

ஐந்தாவதை அவன் எண்ணவில்லை.

இப்போது இசக்கிதுரை வெளியே வந்துவிட்டார், ஒற்றைக் கையோடு. முத்துராணி சொன்னதை எழுதிக்கொண்ட போலீஸ்காரர் வண்டியை மூன்று தடவை சுற்றிவந்தாராம். சார்ஜ் ஒயர் செருகியபடியே இருந்தது. ஆறடி ஒயர். அறுந்திருக்கவில்லை, நீண்டிருக்கவில்லை. சாவி செத்தவன் மடியில்.

போலீசிடம் சொல்லாத ஒன்றை முத்துராணி தனலட்சுமியிடம் மட்டும் சொன்னாள். அன்றைக்கு அவள் எட்டி கேபினுக்குள் பார்த்திருக்கிறாள். சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட் பெல்ட் மாட்டியிருந்தது... தொய்வில்லாமல், ஓர் ஆள் கனத்துக்கு முன்னால் புடைத்துக்கொண்டு. அவள் பார்த்துக்கொண்டே நிற்க, பெல்ட் மேலே ஏறியது... உள்ளே அமுங்கியது... மறுபடி ஏறியது. ஓடி வந்தவர்களுக்கு மூச்சு வாங்குமே, அந்த மாதிரி.