குளிக்கப் போகும் மருமகன்

தெல்தெனிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரு இப்ப குளிக்க எங்கம்மா வீட்டுக்குத்தான் போறாரு."

"ஏன்க்கா, தண்ணி வரலையா?"

"தண்ணி வருது. வீடு பூரா வருது. ஏதோ ஹோட்டல்ல பாத்தாராம், கதவும் இல்லாம திரையும் இல்லாம அப்படியே நடந்து போய் குளிக்கிற ஷவரு. அதே மாதிரி கட்டுனாரு. ஒருத்தர் குளிச்சா துவாய் நனையுது, டொய்லட் சீட் நனையுது, கால்மிதி மிதக்குது. காலைக் குளிருக்கு சுடுதண்ணி வந்தாலும் முதுகுல காத்து அடிக்குது."

"அதுக்காக அம்மா வீட்டுக்கா? கல்யாணத்துலருந்து அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சே இல்லன்னீங்களே?"

"அவங்க பாத்ரூம் சின்னது. கதவைச் சாத்துனா கதகதன்னு இருக்குமாம். முதல் நாள் சோப்புப் பெட்டியோட போய் வாசல்ல நின்னிருக்காரு. அம்மா ஒண்ணும் கேக்காம சுடுதண்ணி வச்சாங்களாம். இப்ப தினமும் குளிச்சிட்டு, ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டுட்டுதான் வர்றாரு."

"அப்ப கண்ணாடிக் கதவு போடலையா?"

"கண்ணாடி வேலை செய்யுற ஆளு, அந்த பாஸ், நேத்து அளவெடுக்க வந்தாரு. இவரு அம்மா வீட்டுல குளிச்சிட்டிருந்தாரு. கதவு வேணாம்னு நான் பாஸைத் திருப்பி அனுப்பிட்டேன்."