உலகம்மா வாய்

முன்ன முன்ன காலத்துல, நம்ம செவ்வரளிப்பட்டியில உலகம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். என் பாட்டனைப் பெத்தவ. அப்பன் வைத்தியரு. அவரோட மருந்து இடிச்சு இடிச்சே நாடி பாக்கவும் படிச்சுட்டா. வீட்டுக்கு வீடு வைத்தியச்சியா இருக்கணும்னு ஆசைன்னா ஆசை, அம்புட்டு ஆசை! ஆனா ஒரு வீடு கூப்பிடணுமே? "அடுப்பூதுறவளுக்கு நாடி என்னத்தத் தெரியும்?"னு சிரிச்சாகளாம்.

அப்பதான் ஊருக்குப் பெரியவரான அம்பலகாரர் கொம்பையா வீட்டுக்கு மருமக வந்தா. பூரணம்னு பேரு. வந்த மூணாம் மாசம் அவளுக்கு வாந்தி. உண்டாயிருக்கான்னு சந்தோசப்பட்டாக. அது இல்ல. வைத்தியருக வந்தாக, முன்கட்டுல உக்காந்து நாடி பிடிச்சாக, போனாக. குணமில்ல.

"நோக்காட்டுப் பிள்ளையத் தலையில கட்டிட்டானுவ! பூட்டுலே வண்டிய, அப்பன் வீட்டுக்கே போவட்டும்!"னுட்டாரு கொம்பையா. பூரணம் அழுதா பாருங்க, கல்லும் கரைஞ்சிருக்கும்.

ஓடியாந்தா உலகம்மா. மாட்டுக்கு முன்னால மறிச்சு நின்னுட்டா!

"நில்லுங்க மாமா! நான் ஒருதடவ பாக்கேன்."

"குணமாகலன்னா?"

"இந்தக் கையால ஊருல ஒருத்தரு நாடியும் தொடமாட்டேன்."

பூரணத்தக் கூட்டிக்கிட்டு உள்ள போனவ, அவ கையப் பிடிக்கலையாம். நேரா அடுப்படிக்குப் போனாளாம். "இந்த வீட்டுல கடைசியாச் சாப்பிடுறது யாரு?"ன்னாளாம்.

மாமியாக்காரி, "இது என்ன கேள்வி? மருமகதான். அவ கொண்டாந்த பித்தளைச் சட்டியிலதான் குழம்பு வைக்கோம், மிஞ்சுனத அவ வழிச்சுச் சாப்பிடுவா. சட்டி மினுக்கத்தப் பாரேன்!"ன்னா.

உலகம்மா சட்டிக்குள்ள கைய விட்டா. "உள்ள பூசுன ஈயம் எங்க தாயி?"

"நல்ல பேரு வாங்கணும்னு... செங்கப்பொடி போட்டு உள்ளயும் தினம் தேச்சேன்க்கா"ன்னா பூரணம்.

"கேட்டீகளா! ஈயம் போன பித்தளையில புளிக்குழம்பு கெடந்தா பச்சைக் களிம்பு வெஷமா ஊறாதா? நீங்க சூட்டோட மேலால ஊத்திச் சாப்பிட்டு எந்திரிச்சுருதீக. பொழுதுக்கும் ஊறுன அடிக்குழம்பு இவளுக்கு!"

"கதை விடுதா!"ன்னாரு கொம்பையா.

"அப்ப நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க மாமா!"

வீறாப்பா அடிக்குழம்ப வழிச்சு நாக்குல வச்சாரு. வச்சதுதான் தாமதம், முகம் கோணிப்போச்சு! வாசலுக்கு ஓடி ஊரு பாக்க ஓங்கரிச்சாராம். வண்டிமாடே திரும்பிப் பாத்துச்சாம்!

அப்புறமென்ன, மண்சட்டியில சமையலு, மோருங் கஞ்சியும் பத்தியம். அஞ்சாம் நாளு பூரணம் கெணத்துல தண்ணி எறைக்கா! வீட்டுக்கு வீடு "எங்க வைத்தியச்சி, எங்க வைத்தியச்சி"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாக. எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல அடுப்படி, அப்புறம்தான் நாடி.

அன்னையிலருந்து நம்மூருல குழம்பு எறக்குனதும் மொதல் வாய் மருமகளுக்கு. அதுக்குப் பேருதான் உலகம்மா வாய். அம்பலகாரர் வீட்டுல மட்டும், இன்னைக்கும் மாமனாருதான் அத அவரு கையால எடுத்துக் குடுக்கணும்.