சேறு திரும்பும் திசையைக் கண்டு சொன்னவருக்கு

பேராறு கடல் புகும் கழிமுகத்தில் பெருவண்டலின் போக்கறிந்த பேரறிவே, சல்லடையில் சலித்த மணலிலும் சத்தியத்தையே தேடிய சான்றாண்மையே, வண்டல் ஆய்வுக்கூடத்தின் தலைமை ஆய்வாளராய் எங்களை வழிநடத்திய அம்மையீர், வணக்கம்.

ஈரக் காலணிகளும் மண் நிரம்பிய கண்ணாடிக் குழாய்களும் நெருக்கியடிக்கும் நம் கூடத்தில், மண்ணைத் தொட்ட விரல் சொன்னதை நம்பாமல் கருவியைக் கேட்பீர்கள். கருவி சொன்னதை நம்பாமல் மறுபடியும் கேட்பீர்கள். உங்கள் சிறப்புகளை அடுக்கினால் தேநீர் ஆறிவிடும். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

துறைமுகத்தின் கப்பல் வழி ஆண்டுதோறும் மேடிட்டு வந்த காலம் அது. தூர்வாரும் கப்பல் ஓயாது அள்ளியும் ஆழம் நிற்கவில்லை. சரக்குக் கப்பல் ஒன்று தரைதட்டிச் சாய்ந்தது. இன்னொன்று தட்டினால் துறைமுகத்தையே மூடிவிடுவோம் என்றது மேலிடம். அள்ளிக் கடலில் கொட்டிய சேறே நீர் ஏறும்போது வழிக்குத் திரும்பி வருகிறது, கொட்டும் இடமே தவறு என்று எழுதினீர்கள். அந்த இடத்தைத் தேர்ந்தவர் தூர்வாரும் கப்பலின் தலைவர், உங்கள் கணவர்.

கூட்டத்திலேயே அவர் பொரிந்து தள்ளினார். "நான் கொட்டுற சேத்துக்குக் கால் முளைச்சு நடந்து வருதா?"

"கால் எதுக்குங்க, அலை தூக்கிட்டு வருது," என்றீர்கள். "சேத்துத் துகள் அளவுலயே ஒளிர்ற சாயத்தூளைக் கலந்து கொட்டிப் பார்ப்போம். என் கணக்கு தப்புன்னா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன்."

அதன்பின் வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்தது. நடுவே தூது போய்க் களைத்த உங்கள் மாமியார், "கடல்ல கிடக்கற சேத்தை எதுக்கு வீட்டுக்குள்ள இழுத்துட்டு வர்றீங்க?" என்று கேட்டாராம். ஆயினும் குறித்த நாளில் கணவரின் கப்பலிலேயே ஏறினீர்கள். கொட்டும் சேற்றில் உங்கள் கையாலேயே சாயத்தைக் கலந்தீர்கள்.

சில வாரங்கள் கழித்து, கப்பல் வழியின் அடியிலிருந்து எடுத்த மண்ணை புறஊதா விளக்கின்கீழ் வைத்தபோது நீங்கள் கலந்த சாயத்தின் செம்மஞ்சள் துகள்கள் சுடர்விட்டன. முதலில் கணவரையே பார்க்க அழைத்தீர்கள். அவர் விளக்கின்கீழ் குனிந்து பார்த்துக் கேட்டார்.

"அப்போ இத்தனை வருஷமா ஒரே சேத்தைத்தான் அள்ளிட்டிருந்தேனா?"

நீங்கள் சிரித்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். "அலை எங்க கொண்டு போகும்னு எனக்குத் தெரியும். கப்பல் எங்க நிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். வாங்க, வரைபடத்தை விரிப்போம்," என்றீர்கள். அந்த மேசையில்தான் இருவரும் மறுபடி பேசத் தொடங்கினீர்கள்.

இருவரும் குறித்த ஆழ்கடலில்தான் இன்றும் சேறு விழுகிறது. கப்பல் வழி நிலைத்து நிற்கிறது. அள்ளியதிலிருந்து தனியே பிரித்துக் கொட்டிய பருமணல், அலை அரித்து வந்த கரைக்கு முன்னே கடலடியை உயர்த்தி அரிப்பைத் தடுத்தது. கடலோரக் குடியிருப்பின் கடைசித் தெருவில் இன்றும் விளக்கெரிகிறது.

ஆறு கொணரும் வண்டல் குறைகிறது. கடலடி இன்னும் மாறும். அம்மாற்றத்தை அளக்கும் பொறுமையை எங்களுக்குப் பழக்கிவிட்டீர்கள் என்ற துணிவோடு, பணி ஓய்வு பெறும் உங்களை வழியனுப்புகிறோம். நோயற்ற உடலும் நிறைந்த மனமும் பெற்று நெடுங்காலம் வாழ்க.

அடுத்த ஆண்டு ஓய்வுபெறவிருக்கும் கப்பல் தலைவரான உங்கள் கணவர் இம்மடலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "நாளைக்குக் காலைல கப்பல் கிளம்புது, உனக்கு இடம் வெச்சிருக்கேன். மண்ணு எடுக்க வேண்டாம், சும்மா கடலைப் பார்த்துட்டு வரலாம்."

அன்பில் கடன்பட்ட
வண்டல் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்